யார் சொன்னது?

தோட்டத்துக்குப் பேப்பர் வந்து சேரவே மத்தியானம் ஆகிவிடும் காலம் ஒன்று இருந்தது. கோயில் திண்ணையில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இன்று ஆளுக்கொரு கைப்பேசி. டிக் டாக்கைத் திறந்தால் நாட்டு நடப்பெல்லாம் கைக்குள் வந்துவிட்டதாக நம் மக்கள் நினைக்கிறார்கள். வந்தது நடப்பா, புரளியா என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்திலும் புரளி இல்லாமல் இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் கிளம்பினால், சாயங்காலத்துக்குள் கடைசி லயம்வரை போய்விடும். ஆனாலும் "யார் சொன்னது?" என்று பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருந்தான். மறுநாள் அவன் நம் முகத்தில் விழித்தாக வேண்டும். வீடியோவில் பேசுகிறவன் யார், எந்த ஊர், எப்போது எடுத்த படம், ஒன்றும் நமக்குத் தெரியாது. "என் கண்ணாலேயே பாத்தேன் அண்ணே!" என்று சத்தியம் செய்கிறோம். பார்த்தது மெய்தான். படம் மெய்யா? பழைய படத்தில் புதுக் குரலைச் சேர்ப்பது இன்று சிறு பிள்ளை வேலை.

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பிரதமர் பதவியேற்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த இடைவெளியில், 1969 மே 13 கலவரத்தை இழுத்து இனப்பகை மூட்டும் வீடியோக்கள் டிக் டாக்கில் பரவின. போலீசார் எச்சரிக்கை விட்டார்கள். நாடு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாட்களைக் கண்ட பெரியவர்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

பயம் ஒரு பக்கம், ஆசை மறுபக்கம். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதான குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி உதவி அடையாள அட்டை வழியாகக் கிடைத்தது. அதற்கு மனுப் போட வேண்டியதே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட உதவிகளின் பெயரைச் சொல்லித்தான் "இங்கே தட்டுங்க, பேங்க் நம்பர் போடுங்க" என்று மோசக்காரன் வலை விரிக்கிறான். பால் வெட்டியும் குலை அறுத்தும் சேர்த்த காசு ஒரே தட்டில் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எந்தப் படத்தை நின்று பார்க்கிறோம் என்று அந்த ஆப் கணக்கு வைக்கிறது. பயமுறுத்தும் படம் ஒன்றை முழுதாகப் பார்த்தால், அதே மாதிரி இன்னும் பத்து வரும். "எல்லாரும் இதத்தானே சொல்றாங்க" என்று தோன்றும். எல்லாரும் சொல்லவில்லை. நமக்குத்தான் அதையே காட்டுகிறது.

ஆகவே, தோழர்களே, அவசரமாக அனுப்பச் சொல்லும் எதையும் அனுப்பாதீர்கள். படித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, பத்திரிகையிலும் அரசாங்கத்தின் 'செபெனார்ஞா' இணையத்தளத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். சேமநிதி, சம்பளம் பற்றிய சேதி என்றால் சேமநிதி அலுவலகத்தையும் தொழிற்சங்கத்தையும் கேளுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கடினம்.

புரளிக்குத் தானாக நடக்கத் தெரியாது. நம் விரல்தான் அதை வீடு வீடாகக் கொண்டுபோகிறது. தட்டுவதற்கு முன் நம் பெரியவர்கள் கேட்ட அந்தக் கேள்வியை நாமும் கேட்போம்: யார் சொன்னது?