முக்கோணம் காட்டாதது

குறித்த தேதி, குறித்த செலவு, ஒப்புக்கொண்ட வேலை: மூன்றும் அமைந்தால் ப்ராஜெக்ட் வெற்றி, ஒன்று தவறினாலும் தோல்வி. மேலாண்மை வகுப்புகளில் இந்த முக்கோணத்தை இன்றும் வேதவாக்காகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தேதியும் செலவும் எகிறினால் தோல்வி என்கிறார்கள். சிட்னி ஆபரா ஹவுஸுக்கு 1957இல் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்; 1963இல் திறப்பதாக ஏற்பாடு. திறந்தது 1973இல், 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவில். முக்கோணத்தின் கணக்கில் படுதோல்வி. அதே கட்டடத்தைத்தான் 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

மதிப்பீட்டை மீறியது கட்டியவர்களின் குற்றம் என்பார்கள். அந்த மதிப்பீட்டை நம்பியதுதான் குற்றம். ஆட்சி மாறினால் திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்று மாநில முதல்வர் ஜோ காஹில் அஞ்சினார். அதனால், கூரையை எப்படிக் கட்டுவது என்றே முடிவாகாத நிலையில், 1959 மார்ச்சில் வேலை தொடங்கியது. கூரையின் வளைவுகளை ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற வழி பிறந்தது 1961இல். அதற்குள் எழுப்பியிருந்த தூண்கள் அந்தக் கூரையைத் தாங்காது என்று தெரிந்து, மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. தெரியாத ஒன்றுக்குப் போட்ட விலையை வைத்துக்கொண்டு யாரைக் குற்றம் சொல்வது?

பெயர் கிடைத்தால் செலவு பொருட்டில்லை என்று வாதிடவில்லை. அங்கே உண்மையான தோல்விகளும் உண்டு. அரசோடு ஏற்பட்ட பூசலில் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1966இல் விலகினார். முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. ஆபரா என்னும் இசை நாடகத்தைச் சிறிய அரங்குக்குத் தள்ளினார்கள். அங்கே இசைக்குழுவுக்குப் போதிய இடமில்லை. அந்தக் கட்டடத்தின் பெரிய குறை இதுதான் என்பேன். தேதியையும் செலவுக் கணக்கையும் எவ்வளவு புரட்டினாலும் இது தென்படாது.

ஒப்புக்கொண்ட வேலையை முடித்தால் வெற்றி என்பதும் நிற்காது. இரிடியம் நிறுவனம் 66 செயற்கைக்கோள்களை விண்ணில் நிறுத்தி, 1998 நவம்பரில் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அசாத்தியமான பொறியியல் சாதனை. ஆனால் கருவி கனமானது, கட்டணம் அதிகம், கட்டடத்துக்குள் பேச முடியாது. அதற்குள் சாதாரண செல்போன் பரவிவிட்டது. 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவாலானது. பிறகு கைமாறிய அதே சேவை இன்று கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் உதவுகிறது.

ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிவறிக்கையில் வெற்றி, தோல்வி என்ற கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள். பயன்படுத்துகிறவர்களை இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.