கணினியில் கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. வேலையில் இறங்கிய பிறகுதான் செலவும் சிக்கலும் தெரியும் என்று பொருள். ஆனால் ஒரு கட்டடத்தைக் கணினியிலேயே முழுதாகக் கட்டிப் பார்க்கும் முறை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பெயர் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக 'பிம்'.

இது வெறும் முப்பரிமாணப் படம் அல்ல. திரையில் ஒரு சுவரைத் தொட்டால் அது எந்தக் கல், எத்தனை கன மீட்டர், என்ன விலை என்பது வரை சொல்லும். ஏசி டக்ட் பீமில் இடிக்கிறதா? கான்கிரீட் போடும் முன்பே தெரிந்துவிடும். இன்றைய வழக்கத்தில் ஆர்க்கிடெக்ட் வரைபடம் ஒன்று, கம்பி வேலைக்கு ஒன்று, பிளம்பிங்குக்கு ஒன்று. மூன்றும் முதன்முதலில் சந்திக்கும் இடம் சைட்! அப்புறம் என்ன, உடைப்புதான்.

சிங்கப்பூர் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களின் பிளானை பிம் முறையில் தரச் சொன்னது. பிரிட்டன் 2016 ஏப்ரலில் மத்திய அரசுத் திட்டங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ போன்ற பெரிய திட்டங்கள் பயன்படுத்தின. சாதாரணப் பள்ளிக் கட்டடமும் அபார்ட்மெண்டும் பழைய வழியில்தான்.

ஆள் இல்லையா? அந்தச் சாக்கு செல்லாது. அமெரிக்கா, பிரிட்டன் கட்டடங்களுக்கு மாடல் செய்து அனுப்பும் அவுட்சோர்சிங் நிறுவனங்கள் இந்திய நகரங்களில் நிறைய இருக்கின்றன. மென்பொருள் விலை? அது ஓரளவு உண்மை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தி வாடகை முறைக்கு மாறியது. சிறிய அலுவலகங்களுக்கு அது பாரம்தான்.

உண்மையான முட்டுக்கட்டை டெண்டரில் இருக்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. மாடல் செய்யும் செலவைச் சேர்த்தால் விலை கூடும், வேலை கை நழுவும். குறைத்துக் கேட்டு வேலையைப் பிடிப்பவர் இழப்பை எங்கே ஈடுகட்டுவார்? பாதி வேலையில் முளைக்கும் 'எக்ஸ்ட்ரா ஐட்டம்' பில்லில்! பிம் அடைப்பது அந்த ஓட்டையைத்தான். செலவு காண்ட்ராக்டர் கணக்கில், லாபம் உரிமையாளர் கணக்கில் என்றால் யார் முன்வருவார்கள்?

எனவே முதல் அடியை அரசு வைக்க வேண்டும். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம், தரம் முக்கியமான பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. மாடலுக்கான செலவை டெண்டரில் தனி ஐட்டமாகக் காட்டி அரசே கொடுக்கலாம். ஒரே மாதிரி பல ஊர்களில் கட்டப்படும் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றில் தொடங்கலாம். ஒருமுறை செய்த மாடல் பல இடங்களில் உதவும். ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவத்தில் கேட்டால் எந்த ஒரு கம்பெனியின் மென்பொருளுக்கும் யாரும் அடிமையாக வேண்டாம்.

மேஸ்திரி கையில் லேப்டாப் வேண்டியதில்லை. எந்தக் கம்பி, என்ன நீளம், எங்கே வளைக்க வேண்டும் என்று பிழையில்லாத ஒரு தாள் போதும்.

கட்டும் கூலி மட்டுமல்ல, கட்டியதை உடைக்கும் கூலியும் மக்கள் வரிப்பணம்தான். திரையில் உடைத்தால் அந்தக் கூலி மிச்சம்!