கோயில் கணக்கில் கையெழுத்து என்றால் சாட்சி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு கோபப்படுங்க.

நம் கோயிலில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் நேரக் கணக்கையும், தொண்டர்கள் கைக்காசு போட்டு வாங்கும் சாமான்களின் செலவுக் கணக்கையும் இனிமேல் போன் செயலியில் பதிய வேண்டும், பொறுப்பாளர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பணம் என்று நிர்வாகக் குழு யோசித்துக்கொண்டிருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே சூடு. "சாமி காரியத்துக்கு எதுக்கு இத்தனை கையெழுத்து? நம்ம ஆளுங்க மேலேயே நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு பக்கம். "செயலி வந்துட்டா எல்லாம் சுத்தமாயிடும்" என்று இன்னொரு பக்கம்.

தொண்டர் குழுவில் இருக்கிற நாங்கள் பகலில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. ஓவர்டைம் தாளிலும் கிளெய்ம் தாளிலும் கையெழுத்துப் போட்டே வருசம் ஓடிப்போச்சு. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா இந்த ஒரு விசயம் எங்களுக்குப் பழக்கமான விசயம். ஒப்புதல் முறை கண்டிப்பா வேணும் என்பதுதான் எங்கள் கருத்து. அதுக்கு முன்னால, யார் பார்க்கிறது, எத்தனை நாளில் பார்க்கிறது என்று முடிவு பண்ணணும். அதைப் பண்ணாம செயலி வாங்கினா, பழைய குழப்பம் போனுக்குள்ள போய் உட்காரும், அவ்வளவுதான்.

முதலில் இந்த நம்பிக்கை விசயத்தைப் பேசுவோம்.

உண்டியல் திறக்கும்போது என்ன செய்கிறோம்? நாலு பேர் முன்னால திறக்கிறோம். ரெண்டு பேர் எண்ணுவாங்க, ஒருத்தர் எழுதுவார், எல்லாரும் கையெழுத்து வைப்பாங்க. இதனால யாராவது "என்னைத் திருடன்னு நினைச்சிட்டீங்களா" என்று கோவிச்சுக்கிட்டாங்களா? இல்லையே. அது சாமி காசு, அப்படித்தான் எண்ணணும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படின்னா உள்ளே வரும் காசை எட்டுக் கண் பார்க்க, வெளியே போகும் காசை மட்டும் ஒரே ஆள் பார்த்தால் போதுமா? வாசலில் வரும்போது சாமி காசு, மார்க்கெட்டுக்குப் போகும்போது வேற காசா?

கையெழுத்து என்பது சந்தேகம் இல்லை, சாட்சி. "இந்தத் தம்பி இத்தனை கட்டு வாழையிலை வாங்கிட்டு வந்தார், நான் பார்த்தேன்" என்று ஒருத்தர் சொல்வதுதான் ஒப்புதல். அது முதலில் காப்பாற்றுவது அந்தத் தம்பியைத்தான். திருவிழா முடிஞ்சு மூணு மாசம் கழித்து "இலைக்கு இவ்வளவா?" என்று யாராவது கேட்டால், தம்பி ஊர் முழுக்க விளக்கம் சொல்லிக்கிட்டுத் திரிய வேண்டியதில்லை. தாள் பேசும். நல்லா வேலை செஞ்ச எத்தனையோ பேர் பணத்தாலே கோயிலை விட்டுப் போகலை, பேச்சாலே போயிருக்காங்க. எந்தக் கோயிலுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது தாமதம். இதை யாருமே பேச மாட்டேங்கிறாங்க.

நம்ம தொண்டர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. ஷிப்ட் வேலை, லோரி ஓட்டுறவங்க, தனித்து வாழும் தாய்மார்கள். அன்னதானத்துக்குத் தக்காளி குறையுதுன்னா உடனே 150 வெள்ளி கைக்காசு போட்டு வாங்கி வருவாங்க. அந்தக் காசு பிள்ளையோட பள்ளிப் பேருந்துக் காசா இருக்கலாம், வீட்டு மின்சாரக் கட்டணமா இருக்கலாம். ரசீதைக் கொடுத்திட்டு ரெண்டு மாசம் காத்திருந்தா, மறுபடி கேட்கக் கூச்சம். "கோயில் கிட்டே காசு கேட்கிறான்" என்று பேர் வந்துடும் என்று விட்டுடுவாங்க. அடுத்த வருசம் ஆளையே காணோம். அப்புறம் நாம "இளையவங்க கோயிலுக்கு வர்றதில்ல" என்று மேடையில் பேசுவோம்.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் விடுமுறையில் போயிருப்பார். அவருக்குப் பதில் யார் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டாங்க. டோல் காசு, பெட்ரோல் காசு கேட்ட ஆள் தினமும் வந்து முகத்தைப் பார்ப்பான். இல்லைன்னா மாசக் கடைசியில் முந்நூறு பதிவு ஒரே நாளில் வந்து நிற்கும், "எல்லாத்தையும் ஏற்கிறேன்" என்று ஒரே தட்டு. பார்க்காம வைக்கிற கையெழுத்து பொய்ச் சாட்சி. செயலியில் பச்சை நிறத்தில் வந்தாலும் அது பொய்ச் சாட்சிதான்.

இப்போ, கோபம் வரக்கூடிய பகுதி.

கோயிலில் ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்க. நம்மள மாதிரி தொண்டு செய்ய வர்றவங்க ஒரு வகை. மடப்பள்ளியில் சமைக்கிறவர், கூட்டித் துடைக்கிற அக்கா, காவலுக்கு இருக்கிறவர், மேளக்காரர், இவங்கெல்லாம் இன்னொரு வகை. அவங்களுக்கு இது பிழைப்பு. சிலர் கடல் கடந்து வந்து வீட்டுக்குப் பணம் அனுப்புறவங்க. திருவிழாக் காலத்தில் ராத்திரி 1 மணி வரைக்கும் பாத்திரம் கழுவிட்டு, காலை 5 மணிக்கு அடுப்பு மூட்டுறாங்க. அந்த நேரத்தை யார் எழுதுறாங்க? "அதெல்லாம் சேவைதானே, புண்ணியம்" என்று நாமே சொல்லிடுறோம்.

நாம தொண்டு செய்வது நம்ம விருப்பம். அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கிட்டு அதுக்குத் தொண்டு என்று நாம பேர் வைக்கக் கூடாது. அவரே மனசார ஒரு நாள் செய்கிறேன் என்று சொன்னால் அது வேற.

சட்டமும் தெளிவா இருக்கு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, 1.1.2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவருக்கு, வழக்கமான நேரத்துக்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணிக்கும் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, வார ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்குப் போகணும். வேலை கொடுப்பவர் கோயில் என்பதால் இதெல்லாம் மாறிவிடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் சம்பளம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 100. எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு மணிக்கு 12 வெள்ளி 50 காசு. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 18 வெள்ளி 75 காசு. சாதாரண நாளில் பத்து ராத்திரி, மூணு மூணு மணி நேரம் எழுதாமல் விட்டால் 562 வெள்ளி 50 காசு போச்சு. பூ அலங்காரத்துக்கு உபயகாரர் பேர் பலகையில் எழுதுகிறோம். அந்த அலங்காரத்துக்குக் கீழே விழித்திருந்தவரின் நேரத்தை ஒரு புத்தகத்தில் எழுத முடியாதா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். விடியலில் பெரட்டில் தண்டல் ஆள் எண்ணுவார், கிராணி செக்ரோலில் பேர் போடுவார், துரை கையெழுத்து வைப்பார். அங்கேயும் மூணு கட்ட ஒப்புதல் இருந்தது. ஆனா வேலை செஞ்சவருக்குத் தன் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு என்று சம்பள நாளில்தான் தெரியும். நம்ம தாத்தா பாட்டி பட்டதை நம்ம கோயிலில் யாரும் படக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? நாங்கள் சொல்வது இவைதான்.

1. செய்தவரே பதியணும், அன்றைக்கே. மாசக் கடைசியில் ஞாபகத்தில் எழுதினால் நல்லவர் கூடத் தப்பா எழுதுவார். போன் பழக்கம் இல்லாதவருக்கு மடப்பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம். தொண்டர் ஒருவர் அதை அவர் முன்னாலேயே செயலியில் ஏற்றணும்.

2. முதல் ஒப்புதல் கண்ணால் பார்த்தவருடையது. சமையல்காரர் நேரத்துக்கு மடப்பள்ளிப் பொறுப்பாளர், பூச் செலவுக்கு அலங்காரப் பொறுப்பாளர். வாரம் ஒரு முறை வரும் தலைவருக்கு ராத்திரி 1 மணி நிலவரம் எப்படித் தெரியும்? இரண்டாவது பொருளாளர். ரசீது சரியா, ஒதுக்கிய தொகைக்குள் இருக்கா என்று அவர் பார்க்கட்டும்.

3. தன் கிளெய்முக்குத் தானே ஒப்புதல் கூடாது. தலைவருக்கும் இதேதான். மனைவி, மச்சான், மருமகன் கிளெய்ம் என்றால் வேறொரு பொறுப்பாளர் பார்க்கணும்.

4. தொகைக்குத் தகுந்த வழி. 100 வெள்ளிக்குள் என்றால் பார்த்தவர் ஒப்புதலே போதும், பொருளாளர் உடனே கொடுத்துவிடலாம். 1,000 வரை இரண்டு பேர். அதுக்கு மேல் குழு, அதுவும் வாங்குவதற்கு முன்னாலேயே. கற்பூரம் வாங்கக் கூட்டம் போட வேண்டாம், கூடாரம் எடுக்க ஒருத்தர் மட்டும் முடிவு பண்ண வேண்டாம்.

5. மூணு நாள் கெடு. பார்க்கலைன்னா பதில் ஆளுக்குப் போகணும். சில செயலிகளில் நாள் கடந்தால் தானாகவே ஒப்புதல் ஆகிவிடும்படி வைக்கலாம். அது நமக்கு வேண்டாம், யாருமே பார்க்காத சாட்சி அது.

6. மறுத்தால் காரணம் எழுதணும். மணியைக் குறைத்தால் அந்த ஆளுக்குத் தெரியணும், பழைய எண்ணும் அழியாமல் இருக்கணும். 3 மணியைச் சத்தமில்லாமல் 2 ஆக்குவது எந்த ஊரிலும் நியாயம் இல்லை.

7. ரசீது கிடைக்காத இடமும் உண்டு. காலைச் சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடம் ரசீது கேட்க முடியாது. ஒரு துண்டுத் தாளில் தேதி, சாமான், விலை எழுதி, சாமானோடு ஒரு படம் எடுத்தால் போதும். ரசீது இல்லை என்பதற்காகவே உண்மையான செலவை மறுக்கக் கூடாது.

இதெல்லாம் ஒரு பக்கத் தாளில் அடங்கும். செயலி இல்லாமல் பெரிய நோட்டிலும் நடத்தலாம். செயலி வந்தால் தேடுவது சுலபம், அதை மறுக்கவில்லை.

"கூடுதல் வேலை, யார் செய்வது?" என்று கேட்பீங்க. வாரம் ரெண்டு தடவை அரை மணி நேரம் உட்கார நாலு பேர் வேணும். நாங்கள் முறை வைத்து உட்காரத் தயார். கணக்குத் தெரிந்த இளையவர்கள் இன்னும் ரெண்டு பேர் முன்வந்தால், ஒருத்தர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது.

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி பதிவு பெற்ற கோயில்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பணும். அந்தக் கணக்கில் "திருவிழாச் செலவு" என்று ஒரே வரியாகப் போகிற தொகைக்குள்ளேதான் இலை வாங்கிய தம்பியும், பாத்திரம் கழுவிய அக்காவும் இருக்காங்க.

வரும் பொதுக்கூட்டத்தில் செயலி விலையைக் கேட்பதற்கு முன்னால் மூணு கேள்வி கேளுங்க: யார் பார்ப்பாங்க? எத்தனை நாளில்? சம்பள ஆட்களின் திருவிழா நேரம் எந்தப் புத்தகத்தில் இருக்கு? மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்க. ஆள் பேரை இழுக்காமல் எழுதுங்க, எல்லாருக்கும் பதில் சொல்றோம்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பார்ப்போம். இந்த வாரம் காய் வெட்ட ஆள் குறைவு, 5 மணிக்கே வந்தால் நல்லது.