வாழ்க்கைத் துணையின் தொழிலும் சமூக உயர்வும்

ஒருவர் சமூகத்தில் உயர்வதற்குக் கல்வியும் முயற்சியுமே காரணம் என்று மேடைகளிற் கேட்கிறோம். ஆயினும், மணந்துகொண்டவர் செய்யும் தொழிலும் அவ்வுயர்வுக்கு ஒரு பெருங்காரணமாகும். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. நம் சாரத்தையும் அதனைச் சூழ்ந்த புதுச்சேரியையும் நோக்கின் அமையும்.

பிரெஞ்சு ஆட்சியில் இந்நகரத்து இளைஞர் பலர் இராணுவத்திற் சேர்ந்து, இந்தோசீனா முதலிய நாடுகளில் ஊழியம் புரிந்தனர். ஊரார் அவர்களைச் 'சொல்தா' என்றனர். அவர்தம் சம்பளமும் ஓய்வூதியமும் குடும்பங்களை உயர்த்தின. கணவன் தொழிலால் உயர்ந்தான். மனைவி மணத்தால் உயர்ந்தாள். சட்டமும் இவ்வழியே நின்றது. 1945-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டப்படி, பிரெஞ்சுக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண் மணத்தினாலேயே அக்குடியுரிமை எய்தினாள். பிரெஞ்சுக் குடிமகளை மணந்த அயல்நாட்டு ஆடவனுக்கோ அவ்வாறு கிட்டவில்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டமே இருபாலாரையும் ஒரு நிலையில் வைத்தது. அதன்பின் நிகழ்ந்தது யாது? பெண்ணைப் பெற்றோர் பிரெஞ்சு மாப்பிள்ளையைத் தேடியதுபோல, பிள்ளையைப் பெற்றோரும் பிரெஞ்சுக் குடியுரிமையுடைய பெண்ணைத் தேடலாயினர். ஏணி ஒன்றே, ஏறுவோர் இருபாலாராயினர்.

துணைவரால் உயர்தல் குற்றமோ எனின், அன்று. இருவர் சேர்ந்து சுமக்கும் பாரம் இலேசாகும். ஆனால் ஒருவர் தொழிலையே இருவரும் நம்பியிருப்பது அபாயமாகும். சொல்தா மறைந்தபின் அவர் ஓய்வூதியத்திற் பாதியே மனைவிக்கு வரும். வீட்டு வாடகை பாதியாவதில்லையே! 2020-ஆம் ஆண்டில் முதலியார்பேட்டை ஏ.எப்.டி. ஆலை மூடப்பட்டது. அத்தகைய வேளையில், மனைவி ஆசிரியையாகவோ செவிலியாகவோ உள்ள வீடு தளரினும் வீழாது. கணவன் கூலியொன்றையே நம்பிய வீட்டில் பிள்ளைகளின் படிப்பே முதலில் நிற்கும்.

இன்னும் ஒன்றுண்டு. கணவனுக்கு மாறுதல் வந்தால், மனைவி தன் வேலையைத் துறந்து உடன் செல்வதே முறையென்கிறோம். மனைவிக்கு உயர்பதவி வந்தால், அதனை ஏற்கலாமாவென்று குடும்பமே கூடி ஆராய்கிறது. மனைவி மிகுதியாகச் சம்பாதித்தால் கணவனை நகைப்பாருமுளர். இந்நகைப்பால் நஷ்டமடைவது அவ்விருவர் மட்டுமோ? அவர்தம் மக்களுமன்றோ!

ஆதலின், மாணவ நண்பர்காள், சகோதரிகாள்! மணம் பேசும் காலத்து, வருபவரின் உத்தியோகத்தை வினவுமுன், நும் கைத்தொழில் யாதென நும்மையே வினவுங்கள். மணந்தபின், துணைவரின் தொழிலை நும் தொழிலைப் போலவே மதியுங்கள். துணைவரின் தொழில் நமக்குத் தோள் கொடுக்கலாம். கால்கள் நம்முடையனவாகவே இருத்தல் வேண்டும்.