நுரைச் சுவரைப் பார்த்துச் சிரிக்கும் முன்...

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன ஞாயிறு திருப்பணிக் கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்பக்கத்துல குருக்களும் நாதஸ்வர, தவில் கலைஞர்களும் தங்குற பலகை வீட்டைப் பிரிச்சுட்டு, புதுசா கட்டுறதப் பத்திப் பேச்சு வந்துச்சு. குத்தகையாளர் ஒருத்தர், போலிஸ்திரின் நுரைப் பலகையை நிறுத்தி, ரெண்டு பக்கமும் கம்பி வலை வச்சு, அதுமேல சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கிற முறையைச் சொன்னார். உடனே ஒரு அக்கா எழுந்து, "அன்னதானத்துக்கே போலிஸ்திரின் டப்பா வேணாம்னு நிறுத்திட்டோம். இப்ப பூஜை பண்றவரையே அதுக்குள்ள குடிவைக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க. மண்டபமே சிரிச்சுது. பேச்சும் அதோட முடிஞ்சு போச்சு.

நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போனதும் மனசு உறுத்துச்சு. செங்கல் வீட்டுக்குப் பணம் பத்தலன்னு இந்த வேலையை ஏற்கனவே தள்ளிப் போட்டிருக்கோம். காலையில நாலு மணிக்கு எழுந்து நடை திறக்கிறவர், மதியம் ரெண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே கண்ணயர முடியாம வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். கோபுரத்துக்கு வர்ணம்னா பணம் வந்துடுது. அவர் வீட்டுக்குன்னா வர மாட்டேங்குது. அதனால ஒரு வழி கண்ணுல பட்டா, அது என்னன்னு பார்த்துட்டுத்தான் ஒதுக்கணும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்தச் சுவர்ல நுரை எந்தப் பாரத்தையும் தாங்கல. ரெண்டு பக்கத்துக் கம்பி வலையையும் நுரைக்குள்ள ஊடுருவிப் போற கம்பிகள் ஒண்ணா கட்டுது. அதுமேல ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 சென்டிமீட்டர் கலவை ஏறுது. பாரத்தைத் தாங்குறது அந்த வலையும் கலவையும்தான். நுரை நடுவுல நின்னு ரெண்டையும் விலக்கிப் பிடிக்குது, வெயிலையும் தடுக்குது. செங்கல் சுவரைவிட எடை குறைவு. கிள்ளான் பக்கத்துக் களிமண் எவ்வளவு மென்மையானதுன்னு இங்க வீடு கட்டினவங்களுக்குத் தெரியும். இத்தாலியில 1980களிலிருந்தே இப்படிப் பலகை செய்யுறாங்க. இந்தியாவுல மத்திய அரசின் பிஎம்டிபிசி அமைப்பும் இதை மாற்றுக் கட்டுமான முறைகள்ல ஒண்ணா ஏத்துக்கிட்டிருக்கு.

பூச்சு வேலை நமக்குப் புதுசா? நாம அண்ணாந்து கும்பிடுற கோபுரங்கள்ல பலதும் உள்ளே செங்கல், வெளியே சுதை. இன்னொண்ணும் சொல்றேன். 1881-ல கோலாலம்பூர்ல பெரிய தீ, அதே வருஷம் வெள்ளம். பலகை, அத்தாப்பு வீடுகள் போச்சு. அப்புறம்தான் ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னாங்க. அந்தச் செங்கலுக்குச் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். நாம பழசுன்னு நம்புற செங்கல்லும் ஒரு காலத்துல இந்த ஊருக்குப் புதுசுதான்.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லச் சொல்லல. அக்கா கேட்ட கேள்வியில ஒரு நியாயமான பயம் இருக்கு. அது தீ. நுரை சுமார் 100 டிகிரி சூட்டுலயே இளகிடும். பத்திக்கிச்சுன்னா கரும்புகை. 2018 பிப்ரவரியில பெட்டாலிங் ஜெயாவுல இபிஎப் கட்டடத்தின் வெளிப்பூச்சுத் தகடுகள் எப்படிப் பரபரன்னு எரிஞ்சதுன்னு எல்லாரும் பார்த்தோம். அது வேற பொருள், ஆனா பாடம் ஒண்ணுதான்: எரியுற பொருளை மூடாம விடக்கூடாது. நுரைக்குக் காப்பே அந்த 3 சென்டிமீட்டர் கலவைதான். அது 1 சென்டிமீட்டரா மெலிஞ்சா சுவரும் பலமிழக்கும், காப்பும் போயிடும். பூசி முடிச்சப்புறம் வெளியிலிருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது.

அதனால என் கருத்து இதுதான். மூலஸ்தானத்துல இந்தப் பேச்சே வேணாம், அது ஆகமப்படி. மடப்பள்ளியும் வேணாம், அங்க நாள் முழுக்க அடுப்பு எரியுது. குருக்கள் வீட்டுக்கு வேணும், ஆனா நாலு நிபந்தனையோட:

1. பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து, மாநகர் மன்ற அனுமதி, பொம்பா ஆலோசனை. இதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிகூட முன்பணம் கிடையாது.

2. தீ சீக்கிரம் பரவாத ரக நுரைதான் வேணும். அதோட சோதனைச் சான்றிதழையும் காட்டணும்.

3. கலவை அடிக்கிற அன்னைக்கு நம்ம தொண்டர்கள் ரெண்டு பேர் ஊசி குத்தி ஆழத்தை அளந்து எழுதி வைக்கணும். குறைஞ்சது ஏழு நாள் தண்ணி ஊத்தணும். அந்த முறையில நானே நிக்கிறேன்.

4. மின்கம்பிக் குழாய் எல்லாம் கலவை அடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டாகணும். அப்புறம் சுவரைக் கொத்தி நுரையைத் திறந்து வைக்கக் கூடாது. சாமி மாடத்துக்குப் பின்னாடி தனியா செங்கல் வச்சுடலாம், விளக்கு எரியுற இடம்.

இதுல ஒண்ணுக்குக் குத்தகையாளர் தயங்கினாலும் அவரை அனுப்பிடுவோம். குறைஞ்ச விலை சொன்னவருக்கே வேலைன்னு முடிவெடுத்தா, அன்னைக்கு நானே எதிர்த்துக் கையைத் தூக்குவேன்.

வர்ற ஞாயிறு உச்சிகால பூஜை முடிஞ்சு கூட்டம். அக்கா, நீங்க அவசியம் வரணும். கேள்வி கேக்குறவங்க இருந்தாத்தான் பூச்சு மெலியாது. வரும்போது ஒரு நிமிஷம் பின்பக்கம் போய், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்னு பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.

முருகன் துணை.