கும்பகர்ணன் உறங்கட்டும்

இங்கிலாந்தில் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குக் கிழட்டு மோட்டார் வண்டிகள் ஊர்வலமாகச் செல்வது வழக்கம். 1905-ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த வண்டிகளுக்கே அதில் இடம் உண்டு. 1896-ல் மோட்டார்களின் வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாடும் உற்சவம் அது. உற்சவம் முடிந்தால் தேர் நிலைக்கு வரவேண்டுமல்லவா? அந்நாட்டில் பழைய கார் வைத்திருக்கும் பலரும் அந்தப் பருவத்தில்தான் வண்டியைக் கொட்டகையில் பூட்டுகிறார்கள்.

"காருக்குமா குளிர்?" என்று நேயர்கள் நகைக்கலாம். குளிர் மட்டுமன்று, உப்பும் சத்துருதான். வீதியில் உறைபனி பிடிக்காதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். அது வண்டியின் அடிவயிற்று இரும்பை அரித்துவிடும். ஆகவே முதல் காரியம், அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி உலர்த்துவது.

இரண்டாவது, தண்ணீர். அது உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. என்ஜினுக்குள் அவ்விதம் பருத்தால் வார்ப்பிரும்பே பிளந்துபோகும். அதற்காக எதிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தைச் சரிபாதி கலக்கிறார்கள். பழைய என்ஜின் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை வடித்துப் புதியது ஊற்ற வேண்டும். பாட்டரியைக் கழற்றி மின்சாரம் ஏற்றி வைக்க வேண்டும். கைப் பிரேக்கை இழுத்துவிட்டால் மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே நலம். மேலே காற்றோட்டமுள்ள துணி போர்த்தலாம். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தைச் சிறைப்படுத்திவிடும்.

இவ்வளவும் செய்தவர்கள்கூட அன்பு மிகுதியால் ஒரு பிழை செய்வதுண்டு. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் சென்னையில், காலஞ்சென்ற தந்தையாரின் அம்பாஸடரை ஓட்டாமல் வைத்திருந்தார். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தைப் போலத் தவறாமல், வாரந்தோறும் ஐந்து நிமிஷம் என்ஜினை முழக்கிவிட்டு நிறுத்துவார். "அப்பாவின் குரலைக் கேட்பது போலிருக்கிறது" என்பார். ஒரு நாள் புகைக்குழாய் துருப்பிடித்து உதிர்ந்து விழுந்தது.

காரணம் இதுதான்: பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது வெளியேறிவிடும். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினால் எண்ணெயிலும் குழாயிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஒன்று, என்ஜின் முழுதும் சூடேறும்வரை நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். இல்லையேல் எழுப்பவே கூடாது. கும்பகர்ணனை அகாலத்தில் எழுப்பிய பலனை இலங்கை அறியும்!

மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் வழிவந்தது நம் அம்பாஸடர். 2014-ல் அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. சென்னையில் உறைபனி இல்லை. ஆனால் ஐப்பசி மழையும், கடற்காற்றின் உப்பும், எலிகளும் உண்டு. வீட்டில் அப்படியொரு வண்டி இருப்பவர்கள், மழைக்கு முன்பே அதைக் கழுவி, உலர்த்தி, போர்த்தி உறங்கவிடட்டும். நண்பர் இப்போது வாரந்தோறும் கொட்டகைக்குப் போய், போர்வையின்மேல் கையை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார். தை பிறந்ததும் மகாபலிபுரம் வரை ஓட்டிச் செல்வதாக உத்தேசம்.