இல்லமும் இயந்திரமும்: மலைமேல் திருகு திருப்பலாமா?

இத்திங்கள் நமது பகுதிக்கு வந்த வினாக்களுள் ஒன்று, சங்க அன்பர்கள் பலருக்கும் பயன்படத்தக்கது. அதனை முதற்கண் எடுத்துக்கொள்கிறோம். தந்தையார் காலத்து யெஸ்டி மோட்டார் சைக்கிளைப் பேணி வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எழுதுகிறார்: “மைசூரில் வண்டி நன்றாகவே ஓடுகிறது. மாதேஸ்வரன் மலை ஏறும்போது மட்டும் இழுவை குறைகிறது, புகை கக்குகிறது, அடுத்தடுத்து மிஸ்ஸிங் ஆகிறது. மலையில் காற்று குறைவு, கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துவிடுங்கள் என்று வழியில் ஒருவர் சொன்னார். அவ்வாறே செய்தோம். மேலே ஏறிவிட்டோம். ஆனால் பாலாறு வழியாக மேட்டூருக்கு இறங்கும்போது எஞ்சின் கொதித்து, வண்டி திடீரென நின்றுபோயிற்று. எங்கே பிழை?”

இவ்வினா தோன்றியது மைசூரில் என்பது பொருத்தமே. யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவா வண்டி இங்கே உருவாயிற்று; 1973 முதல் யெஸ்டி என்னும் பெயர் பெற்றது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. இன்று அப்பழைய பெயர்களைத் தாங்கி வருபவை வேறு அமைப்புடைய நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகள். எனினும் மைசூர் யெஸ்டிகள் இன்னும் பல இல்லங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் இருப்பது இரண்டு வீச்சு எஞ்சின். அதன் இயல்பை அறியாமல் அதன் நோயை அறிதல் இயலாது.

நான்கு வீச்சு எஞ்சினுக்கு அடியில் தனியே எண்ணெய் உண்டு. பிஸ்டனும் தண்டும் அதில் நனைகின்றன. நமது வண்டியில் அவ்வாறு இல்லை. பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனுக்கு உயவு. எனவே கார்புரேட்டர் இங்கே எரிபொருளை மட்டும் அளந்து கொடுப்பதன்று. எண்ணெயையும் அதுவே அளந்து கொடுக்கிறது. பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் குறைந்தது என்றே பொருள். இவ்வொன்றை நெஞ்சில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இனி, மலைமேல் காற்று குறைவு என்ற பேச்சைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உயரம் ஆயிரம் அடி கூடினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு மூன்று அளவில் குறைகிறது. மாதேஸ்வரன் மலைக் கோயில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி. மைசூர் நகரமோ 2,500 அடியில் இருக்கிறது! வேறுபாடு ஐந்நூறு அடியே. அதனால் குறையும் காற்று நூற்றுக்கு ஒன்றரை. கலவையில் நேரும் மாற்றம் அதிலும் பாதி. இத்துணைச் சிறு மாற்றத்தை எந்தக் கார்புரேட்டரும் பொருட்படுத்துவதில்லை. மைசூரில் சீராக ஓடிய வண்டிக்கு மலைமேல் திருகு திருப்ப வேண்டிய காரணமே இல்லை.

மேட்டூரிலிருந்து ஏறுபவர்க்குக் கணக்கு சற்று வேறு. அந்தச் சமவெளி ஆயிரம் அடிக்கும் கீழே உள்ளது. அங்கிருந்து ஏறினால் காற்று நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு குறையும். கலவை மூன்று பங்கு கொழுக்கும். சிறிது புகையும், சிறிது மந்தமும் தோன்றலாம். அதுவும் வண்டியை நிறுத்தும் அளவன்று.

பின், ஏற்றத்தில் மட்டும் நோய் வெளிப்படுவது ஏன்? சமவெளியில் எஞ்சின் தன் ஆற்றலில் பாதியைக்கூடக் கொடுப்பதில்லை. தாளபெட்டாவைத் தாண்டி, பின்னிருக்கையில் ஒருவரும், பையும் பழக்கூடையுமாக, கொண்டையூசி வளைவுகளில் ஏறும்போது முழு ஆற்றலையும் கேட்கிறோம். வேகம் குறைவு, எதிர்க்காற்றின் குளிர்ச்சியும் குறைவு. உள்ளே முன்பே இருந்த குறை அப்போது வெளிப்படுகிறது. மலை நோயை உண்டாக்குவதில்லை. நோயைக் காட்டிக் கொடுக்கிறது.

ஆகவே கார்புரேட்டரைத் தொடுமுன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை சில உள.

முதலாவது, பெட்ரோல் வரும் வழி. டாங்க் மூடியில் காற்றுப் போக ஒரு நுண்துளை உண்டு. அது அடைபட்டால் சிறிது தொலைவு ஓடியதும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று ஒலி எழுந்து வண்டி மீண்டும் ஓடினால், குறை அங்கேதான். அடுத்து பெட்ரோல் குழாயின் வடிகட்டி, மிதவைக் கிண்ணத்தின் அடியில் படியும் துரு ஆகியவற்றைக் காண்க.

இரண்டாவது, சைலென்சர். எண்ணெய் எரியும் எஞ்சினாதலால் புகைக்குழாயில் கரி திரளும். கரி அடைத்த சைலென்சருடன் வண்டி சமவெளியில் முனகாமல் ஓடும். ஏற்றத்தில் மூச்சுத் திணறும். இழுவை இல்லை என்று வரும் பழைய வண்டிகளில் முதலில் ஐயுற வேண்டியது இதுவே. உட்குழலைக் கழற்றிக் கரியை நீக்கினால் வண்டி புத்துயிர் பெறும்.

மூன்றாவது, மின்பொறி. தேய்ந்த பாயின்ட், விரிந்த பிளக் இடைவெளி, நேரம் தவறிய பொறி ஆகிய மூன்றும் பளு ஏறும்போது மிஸ்ஸிங் காட்டும்.

நான்காவது, பலரும் மறப்பது: கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள எண்ணெய் சீல்கள். கியர்ப் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சும்; வெண்புகை ஓயாது வரும். கார்புரேட்டரை எத்தனை முறை திருகினாலும் அப்புகை நிற்காது. கியர் எண்ணெய் குறைகிறதா என்று பார்த்தால் உண்மை வெளியாகும். மறுபக்கத்துச் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும். ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்றால், இவ்விதக் காற்றுக் கசிவை ஐயுறுக.

இவையனைத்தும் செம்மையாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டருக்கு வருக. அதிலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் கூடாது. ஆக்சிலரேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது குறை தோன்றுகிறது என்பதே வழிகாட்டி. மூடிய நிலை முதல் எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் ஆட்சி செய்கின்றன. அதிலிருந்து கால் பங்கு வரை வழுக்குப் பலகையின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். மலையேற்றம் பெரும்பாலும் ஊசிக்கும் மெயின் ஜெட்டுக்கும் உரிய இடம். அங்கே நேரும் குறைக்குக் காற்றுத் திருகைத் திருப்புவது, காலில் தைத்த முள்ளுக்குக் கையில் மருந்து பூசுவது போன்றதாகும்.

கலவையின் நிலையை உரைப்பது பிளக்கே. ஏற்றத்தில் நன்கு ஓட்டி, கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பித் தூள் நிறமாயின் கலவை சரி. கரிய ஈரப்பிசுக்காயின் கொழுப்பு. வெளிறிச் சாம்பல் பூத்திருந்தால் மெலிவு. கொழுப்பாயின் ஊசியை ஒரு படி இறக்குக. மெலிவாயின் ஒரு படி உயர்த்துக. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் குறித்தல் நன்று.

இனி அன்பர் கேட்ட இறக்கத்துக்கு வருவோம். மலைமேல் பெட்ரோலைக் குறைத்ததும் புகை அடங்கியது; வண்டி துள்ளியது; நோய் தீர்ந்தது போல் தோன்றியது. மெலிந்த கலவை சிறிது நேரம் சுறுசுறுப்பாகவே ஓடும். அதுவே அதன் வஞ்சகம். பாலாற்றை நோக்கி இறங்குகையில் அடர்ந்த காற்று சேரச் சேரக் கலவை மேலும் மெலிகிறது. அதனுடன், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி, கியரில் வண்டியை அடக்கி வருகிறோம். எஞ்சின் விரைந்து சுழல்கிறது, உள்ளே செல்லும் எண்ணெயோ சில துளிகள். உயவின்றிப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்கிறது. மெக்கானிக்குகள் இதனையே ‘சீஸ்’ என்பர். அந்நொடியில் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம் உள்ள வளைவில் அது நேர்ந்தால் இழப்பது ஒரு பிஸ்டனை மட்டுமன்று. அன்பர் உயிர் தப்பியமைக்கு நாம் மகிழ்கிறோம்.

ஆதலின் இறங்கும்போது கொள்ள வேண்டிய முறை இது. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டி வருதல் ஆகாது. பிரேக் காய்ந்து பிடிப்பு இழக்கும். கியரிலேயே வருக, இரு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பயன்படுத்துக, அடிக்கடி ஆக்சிலரேட்டரைச் சிறிது திறந்து எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுக. இடக்கை விரல்கள் கிளட்சின்மீது இருக்கட்டும். எஞ்சின் இறுகுவது போல் தோன்றிய கணமே கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும்.

இக்காலத்துக்கு உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2025-இல் நம் நாடு பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலையை எட்டியது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். எனவே பழைய ஜெட் வழியே இப்புதிய கலவை செல்லும்போது, ஒருவரும் தொடாமலே நூற்றுக்கு ஏழு அளவில் மெலிவு நேருகிறது. மேட்டூரிலிருந்து மலையேறுவதால் நேரும் மாற்றத்தினும் இது இருமடங்கு பெரிது! மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். பழைய வண்டி உடையோர் பிளக்கைப் பார்த்து, வேண்டுமாயின் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குதலும், பல வாரம் நிறுத்தி வைக்குமுன் கிண்ணத்தை வடித்துவிடுதலும் நலம்.

கடல் கடந்து வாழும் நம் அன்பர் குடும்பத்துப் பிள்ளைகள் மணலிலும் கரட்டிலும் ஓட்டும் இரண்டு வீச்சு நாற்சக்கர ஏ.டி.வி. வண்டிகளுக்கும் இவ்விதிகளே பொருந்தும். யமஹா பான்ஷீ போன்ற இரு சிலிண்டர் வண்டிகளில் கார்புரேட்டரும் இரண்டு. அவை இரண்டும் ஒரே அளவில் திறக்குமாறு முதலில் ஒத்திசைத்த பின்னரே மற்றவை. ஒன்று மெலிந்து ஓடினால் அப்பக்கத்துப் பிஸ்டன் முதலில் பலியாகும்.

சுருங்கக் கூறின்: புகை கண்டு அஞ்ச வேண்டா, புகை திடீரென அடங்கி வண்டி துள்ளினால் அஞ்சுக. கொழுத்த கலவை பிளக்கைக் கெடுக்கும்; மெலிந்த கலவை எஞ்சினையே கெடுக்கும். பிளக்கின் விலை என்ன, எஞ்சினின் விலை என்ன என்பதை அன்பர்கள் அறிவர். புறப்படுமுன் வீட்டு வாயிலில் ஒரு மணி நேரம் செலவிட்டு வண்டியைப் பார்ப்பவர்க்கு, மலைப்பாதையில் திருப்புளியைத் தேடும் வேலை நேராது.

அடுத்த திங்கள், இரண்டு வீச்சு எஞ்சினுக்கு உரிய எண்ணெயின் அளவும் வகையும் குறித்துக் காண்போம்.